மூன்று ஜாயிண்ட், இரண்டு வளையம்: சேலம் ஐந்து ரோட்டு ஸ்ப்ளைசிங் கடை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், டீக்கடைக்கு மேல் மாடியில் ஒரு ஃபைபர் ஸ்ப்ளைசிங் கடை, அதாவது கண்ணாடி இழைகளின் முனைகளை உருக்கி ஜாயிண்ட் போடும் கடை, இருக்கிறது. போர்டு கிடையாது. கேபிள் டிவிக்காரர்களுக்கும் பிராட்பேண்ட் லைன் இழுக்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த இடம், மற்றவர்கள் அந்தப் படிக்கட்டை ஏறியிருக்க மாட்டார்கள். ஏழெட்டு மாதமாக நான் அங்கே போய் வருகிறேன், இதுவரை முப்பதுக்கு மேல் ஜாயிண்ட் போட்டாயிற்று, ஒன்றுகூட வீட்டு இன்டர்நெட்டுக்காகப் போட்டதல்ல. ஒளியை ஒரு கண்ணாடி இழை வளையத்துக்குள் சுற்றவிட்டு, பக்கத்தில் இன்னொரு வளையத்தைத் தொடுத்து, இரண்டும் ஒன்றையொன்று எப்படி ஆட்டுகின்றன என்று பார்க்கும் சோதனைக்காகப் போட்டவை. இதற்கெல்லாம் சென்னையோ பெங்களூரோ போனால்தான் உண்டு என்று நினைத்துப் பல வருடம் சும்மா இருந்துவிட்டேன். அதே நினைப்பில் இன்னும் யாராவது சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நாங்கள் எம்.எஸ்சி. படித்த காலத்தில் நேரியலற்ற இயக்கவியல் (உள்ளே கொடுப்பதன் விகிதத்திலேயே வெளியே வராத அமைப்புகளைப் பற்றிய படிப்பு) என்றாலே முரளி, லட்சுமணன், சுவா மூவர் பெயரில் வந்த சர்க்யூட்தான் ஞாபகத்துக்கு வரும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லட்சுமணன் பெயர் அதில் இருப்பதே எங்களுக்குப் பெருமை. 1994-இல் வந்தது. ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், சுவா டயோடு, வெளியிலிருந்து கொடுக்கிற ஒரு சைன் அலை, அவ்வளவுதான் அதில் உள்ளது. அலையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் ஆஸிலோஸ்கோப்பில் ஒற்றைச் சுழியாக இருந்தது இரட்டைச் சுழியாகி, நான்காகி, ஒரு கட்டத்தில் திரும்பத் திரும்ப அதே பாதையில் வராமல் கோடுகள் கலைந்து பரவும். அதை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதையே ஒளியில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே பிடித்த ஆசை.

வளையம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் ஒரு ஜாயிண்ட் கடைக்கு ஏன் இத்தனை மதிப்பு கொடுக்கிறேன் என்பது புரியும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்டக் கூடத்தில் சுவரை ஒட்டி மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் சுவரோரம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நம் ராமன் 1921-இல் அங்கே போனபோது சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். சுவரை விட்டு விலகாமல் ஒலி வளைந்து ஓடுகிறது. ஒளியையும் அப்படி ஓடவைக்கலாம். கண்ணாடி உருண்டையில் செய்யலாம், சிலிக்கான் சில்லில் மயிரளவு வளையம் வரைந்து செய்யலாம், நம்மைப் போன்றவர்கள் ஃபைபரின் இரண்டு முனைகளையும் கப்ளர் (ஒரு இழையில் வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்பும் சின்னக் கருவி) வழியாகச் சேர்த்துச் செய்யலாம். சுற்றி வந்த ஒளி, புதிதாக நுழையும் ஒளியோடு மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தினால் உள்ளே ஒளி ஏறிக்கொண்டே போகும். பொருந்தாவிட்டால் ஏறாது. என் வளையம் 2.5 மீட்டர். ஒரு சுற்றுக்கு 12 நானோ விநாடி. லேசரின் அலைவரிசையை மெதுவாக நகர்த்தினால் ஏறக்குறைய 82 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு தடவை பொருத்தம் வரும், டிடெக்டரில் ஒரு பள்ளம் தெரியும்.

இப்போது அதன் பக்கத்தில் இதே நீளத்தில் இன்னொரு வளையம், நடுவில் 2 சதவீத ஒளியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடும் 98:2 கப்ளர். ஒரே விட்டத்தில் இரண்டு ஊஞ்சல் கட்டி ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரத்தில் முதல் ஊஞ்சல் அடங்கி இரண்டாவது ஆடும், மறுபடி இது ஆடும். ஒளியும் அதைத்தான் செய்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலால் ஒரு பள்ளம் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம் வரும், இரண்டு ஊஞ்சலும் சேர்ந்து ஆடுவதற்கு ஒன்று, எதிரெதிராக ஆடுவதற்கு ஒன்று. என் வளையங்களுக்குக் கணக்குப் போட்டால் அந்த இரண்டுக்கும் நடுவே 3.7 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்க வேண்டும்.

மொத்தமே மூன்று ஜாயிண்ட்தான். முதல் வளையத்தில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று. இதை முதலில் வேறோர் இடத்தில் போட்டேன் (எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை). பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள், மெஷின் திரையில் மூன்றுக்கும் ஒளி இழப்பு 0.02 டெசிபல் (டிபி), 0.01 டிபி என்று அழகாகக் காட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே ஒரு அகலப் பள்ளம். இரண்டு மாதம் போயிற்று. லேசரைச் சந்தேகப்பட்டேன், டிடெக்டரைச் சந்தேகப்பட்டேன், கப்ளரை மாற்றினேன், என் கணக்கை மூன்று தடவை திரும்பப் போட்டேன். கடைசியில் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் வெட்டி அளந்து பார்த்தபோது மூன்றும் அரை டிபி பக்கத்தில் இழந்துகொண்டிருந்தன. அரை டிபி என்றால் நூற்றில் 11 பங்கு ஒளி அந்த ஒரு இடத்தில் போய்விடுகிறது.

லைன் போடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, அவர்கள் லைனில் ஒளி ஒரு ஜாயிண்ட்டை ஒரே ஒரு தடவைதான் கடக்கிறது. வளையத்தில் அதே ஒளி அதே ஜாயிண்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடக்கிறது, ஒவ்வொரு தடவையும் தண்டம் கட்டுகிறது. நல்ல ஜாயிண்ட்டாக இருந்தால் என் வளையங்களில் ஒளி பத்துப் பதினோரு சுற்று தாங்கும், பள்ளத்தின் அகலம் 1.2 மெகாஹெர்ட்ஸ் வரும். மூன்றும் அரை டிபியாக இருந்தால் நான்கு சுற்றிலேயே தேய்ந்துவிடும், அகலம் 3 மெகாஹெர்ட்ஸ். அதோடு என் லேசரின் சொந்த அகலம் ஒரு மெகாஹெர்ட்ஸ். 3.7 இடைவெளியில் இரண்டு அகலப் பள்ளங்கள் வந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு ஒன்றாகத்தானே தெரியும்.

இந்த நிலையில்தான் எங்கள் தெருவுக்கு லைன் பார்க்க வரும் தம்பி ஒருவர் இந்த மாடிக் கடையைச் சொன்னார். "அந்த அண்ணன் மெஷின நம்ப மாட்டாருங்க மேடம், அதனால கொஞ்சம் லேட் ஆகும், பரவாயில்லைன்னா போங்க" என்றார். நான் தேடிக்கொண்டிருந்ததே அப்படி ஒருவரைத்தான்.

முதல் நாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கறுப்பு ரெக்சின். கறுப்பு எதற்கென்றால் உடைந்த ஃபைபர் துணுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். அண்ணன் மேல்பூச்சை ஸ்ட்ரிப்பரால் உரித்தார், ஐசோபுரொப்பைல் தொட்ட டிஷ்யூவால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வர வேண்டுமாம், வரும் வரை புது டிஷ்யூ. அப்புறம் கிளீவரில் வைத்து வெட்டினார். மெஷின் இரண்டு முனைகளையும் திரையில் பெரிதாக்கிக் காட்டியது. 125 மைக்ரான் கண்ணாடி, அதன் நடுவில் 8 மைக்ரான் சொச்சம் அகலத்தில் வெளிச்சக் கோடாக உட்கரு. வெட்டுக் கோணம் 0.9 டிகிரி. மெஷின் ஏற்றுக்கொண்டது. அண்ணன் ஏற்றுக்கொள்ளவில்லை, வெளியே எடுத்து மறுபடி வெட்டினார். 0.6. மறுபடி. 0.3. "இது போதுங்க" என்று மூடியை மூடினார். ஒரு நொடி ஊதா நிறத்தில் பொறி, திரையில் இரண்டு முனைகளும் உருகி ஒன்றானது, 0.01 டிபி என்று காட்டியது.

எனக்குத் திருப்தி. ஜாயிண்ட்டைக் காக்கச் சூட்டில் சுருக்கி மாட்டும் ஸ்லீவை அவர் நகர்த்தவே இல்லை. "மேடம், இது கேமராவுல பாத்து மெஷின் போடுற கணக்கு. லைட்டு போச்சா வந்துச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? மீட்டர வெச்சுப் பாத்துருவோம்" என்று ஒரு பக்கம் சோர்ஸ், ஒரு பக்கம் பவர் மீட்டர் மாட்டி, ஜாயிண்ட் போடுவதற்கு முன் நோட்டில் குறித்துவைத்த அளவோடு ஒப்பிட்டார். 0.07 வித்தியாசம். ஃபைபரைக் கையில் எடுத்து வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த மூன்று ஜாயிண்ட்டுக்கு அன்றைக்கு இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் கீழிருந்து இரண்டு தடவை டீ வந்தது, தட்டுவடை செட் ஒரு தடவை. காத்திருந்த இரண்டு லைன்மேன்களுக்கு வேலை முடித்துக் கொடுக்கச் சொல்லித் தன் உதவியாளர் தம்பியை இன்னொரு மெஷினில் உட்காரவைத்தார், என் வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் அண்ணா என்று கேட்டேன். அவர் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருந்தவராம். சின்ன வயதில் கொலுசு வளையங்களைப் பொடி வைத்து ஊதிச் சேர்க்கும் வேலை இவருடையது. "வளையம் வாய் சரியா மூடலைன்னா அப்பா அப்படியே அறுத்துப் போட்டுருவார், பாக்கறதுக்கு நல்லா இருந்தாலும் இழுத்துப் பாத்துதான் எடுப்பார்" என்றார். நாங்கள் அப்போது பேசிக்கொண்டிருந்ததும் வளையத்தைப் பற்றித்தான், வாய் சரியாக மூடுவதைப் பற்றித்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

அந்த வளையங்களை ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கு எடுத்துப்போனேன். நாகலூர் போகும் வழியில் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு. ஏன் அங்கே என்றால், 2.5 மீட்டர் ஃபைபரின் வெப்பம் ஒரே ஒரு டிகிரி மாறினால் ஒத்ததிர்வு, அதாவது மேலே சொன்ன பொருத்தம், 15 தடவைக்கு மேல் கடந்து ஓடிவிடும், கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அந்த அளவுக்கு நகர்கிறது. சேலத்தில் சித்திரை மாதத்தில் ஃபேனும் போட முடியாது, போடாமலும் உட்கார முடியாது. ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் காற்று அசையாமல் நிற்கும், பஸ் அதிர்வு கிடையாது. இரண்டு வளையங்களையும் மீன் பெட்டி மாதிரி ஒரு தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, இரண்டாவது வளையத்தில் மட்டும் ஒரு சின்ன ஹீட்டர் கம்பி சுற்றினேன். நீளத்தைக் கையால் வெட்டி அலைநீள அளவுக்குச் சமமாக்குவது நடக்காத காரியம், அதனால் ஒன்றைச் சூடாக்கி மற்றதோடு பொருத்த வேண்டும். ஒளியின் முனைவாக்கம், அதாவது அது அதிரும் திசை, இன்னொரு தொந்தரவு. வளையத்துக்குள் இரண்டு முனைவாக்கங்களும் தனித்தனி ஒத்ததிர்வு காட்டும், பார்க்கிறவர் அதையே பிளவு என்று எண்ணி ஏமாறுவார். நேம் போர்டு கடையில் அக்ரிலிக் வட்டு வெட்டி வாங்கி, ஃபைபரை அதில் சுற்றித் திருப்பித் திருப்பி ஒன்றை அடக்கினேன்.

பத்தரை மணிக்கு ஹீட்டர் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றும்போது இரண்டாவது வளையத்தின் சின்னப் பள்ளம் திரையின் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்தது. முதல் வளையத்தின் பெரிய பள்ளத்தை நெருங்கியது. தொடும் என்று பார்த்தால் தொடவில்லை. இரண்டும் சம உயரமாகி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன, நடுவில் ஒரு மேடு. இன்னும் ஏற்றினேன், வந்தது ஒரு பக்கம் போயிற்று, இருந்தது மறுபக்கம் போயிற்று, ஆனால் ஒருபோதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. இடைவெளியை அளந்தால் மூன்றரைக்கும் நான்குக்கும் நடுவில் வந்தது. சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக் கொடுக்குதே" என்றார். அதுதான் விஷயம். கணக்கில் நான் எழுபது தடவை போர்டில் எழுதியிருக்கிறேன், ஒளி அதைச் செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதுவரை சொன்னது நேரியல் பகுதி. உள்ளே ஒளி எவ்வளவு இருந்தாலும் வளையம் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்தது. ஒளியே தான் ஓடும் பாதையை மாற்ற வேண்டும். பெல் ஆய்வகத்தில் கிப்ஸ், மெக்கால், வெங்கடேசன் மூவரும் 1976-இல் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சோடியம் ஆவியை வைத்து, ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு வெளியீடு வருவதைக் காட்டினார்கள். ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் தாவும், இறக்கிக்கொண்டு வரும்போது வேறு இடத்தில் விழும். 1979-இல் ஜப்பானின் இகேடா, வளையத்துக்குள் இப்படி ஒரு பொருள் இருந்தால் ஒளி சுற்றிவரும் தாமதத்தாலேயே கேயாஸ், அதாவது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வராத ஒழுங்கற்ற ஆட்டம், வரும் என்று கணக்கில் காட்டினார். என் மூன்று ஜாயிண்ட் வளையத்தில் இதைப் பார்க்க முடியுமா என்றால் முடியாது. சாதாரண ஃபைபரில் ஒளிச்செறிவால் விலகல் எண் மாறும் அளவு மிக மிகக் குறைவு. என் 2.5 மீட்டரில் அந்த மாற்றம் பள்ளத்தின் அகலத்தைத் தொட வேண்டுமானால் வளையத்துக்குள் சில பத்து வாட் சுற்ற வேண்டும், என் லேசர் தருவது 10 மில்லிவாட். சில்லில் செய்த வளையங்களில் ஒளி மிகக் குறுகிய இடத்துக்குள் நெருக்கிச் சுற்றுகிறது, அதனால் அங்கே மில்லிவாட்டிலேயே வேலை நடக்கிறது. அந்த வழி வீட்டுக்கு ஒத்துவராது.

ஆனால் எர்பியம் ஃபைபர், அதாவது பம்ப் லேசரால் ஆற்றல் ஏற்றினால் ஒளியைப் பெருக்கும் எர்பியம் கலந்த இழை, ஒத்துவரும். இங்கேதான் இந்தக் கடை இரண்டாவது தடவை கைகொடுத்தது. ஒரு மூலையில் கேபிள் டிவிக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய 1550 நானோமீட்டர் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே 980 நானோமீட்டர் பம்ப் லேசர், ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டர், பல மீட்டர் எர்பியம் ஃபைபர் எல்லாம் இருக்கும். புதிதாக வாங்கினால் என்னால் தொடவே முடியாத விலை. மூன்று பெட்டி, எடைக்குப் போகிற விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினேன். ஒன்றில் பம்ப் செத்திருந்தது. அதற்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தார், அதனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எர்பியம் ஃபைபரைச் சாதா ஃபைபரோடு ஒட்டுவது வேறு வேலை. எர்பியத்தில் ஒளி ஓடும் வட்டம் சின்னது, சாதாவில் பெரியது, நேராக ஒட்டினால் ஒரு டிபிக்கு மேல் போய்விடும். அவருடைய மெஷினில் அதற்கான புரோகிராம் இல்லை. எனக்குப் படித்துத் தெரிந்தது ஒன்று: ஒட்டிய இடத்தில் திரும்பத் திரும்பப் பொறி கொடுத்தால் சூட்டில் உட்கருவில் உள்ள கலப்பு மெல்லப் பரவி, சின்ன வட்டம் விரிந்து பெரிய வட்டத்தோடு சேரும். சொன்னேன். அவர் இதுவரை செய்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ மீட்டர் மாட்டியே செய்வோம், எப்ப நிறுத்தணும்னு அதுவே சொல்லிரும்" என்றார். 1550 சோர்ஸ் வைத்தால் பம்ப் இல்லாத எர்பியம் அதை விழுங்கிவிடும், அளவே கிடைக்காது. நல்லவேளையாக 1310 சோர்ஸ் ஒன்று வைத்திருந்தார். முதல் பொறியில் 1.3 டிபி. "இன்னொரு ஷாட் குடுக்கட்டுங்களா?" 0.9. இன்னொன்று, 0.6. ஐந்தாவது ஷாட்டில் 0.3. ஆறாவது கொடுத்ததும் 0.35 என்று ஏறியது, பரவல் அளவு தாண்டிவிட்டது. அடுத்த ஜாயிண்ட்டிலிருந்து ஐந்தோடு நிறுத்தினார். அந்த எண்களை நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டார், அடுத்த மாதம் நான் போனபோது அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

இரண்டு எர்பியம் வளையம், ஒவ்வொன்றும் 20 மீட்டர் அளவில், ஒவ்வொன்றும் தனியாகவே லேசராக எரியும். ஏற்காட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பம்பைப் போட்டால் எர்பியம் சுருள் மங்கலான பச்சையில் ஒளிர்ந்தது. உள்ளே ஓடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, ஆனால் எர்பியம் அயனி இரண்டு படி ஏறி ஒரே தாவாக இறங்கும்போது பச்சை வருகிறது. இதை நேரில் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆனால் முனையைக் கண்ணுக்கு நேராக ஒருபோதும் பிடிக்காதீர்கள். 980 விழித்திரையைச் சுட்டுவிடும், சுடுவது தெரியவும் தெரியாது.

எர்பியம் ஏன் சுவாரசியம் என்றால் அதற்கு ஞாபகம் நீளம். மேலே ஏற்றிய அயனி 10 மில்லி விநாடி அங்கேயே தங்கும், வளையத்தில் ஒளியோ சில நூறு நானோ விநாடியில் வெளியே போய்விடும். இப்படி ஒன்று நிதானம், ஒன்று அவசரம் என்று இருந்தால் லேசர் சீராக எரியாமல் தானாகவே ஒரு தாளத்தில் ஆட ஆசைப்படும், எனக்கு அது சில பத்து கிலோஹெர்ட்ஸில் வந்தது. பம்ப் மின்னோட்டத்தை அதே தாளத்துக்குப் பக்கத்தில் ஆட்டினேன். மெல்ல ஆட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துடிப்பு. கொஞ்சம் ஏற்றினால் பெரிது, சிறிது, பெரிது, சிறிது. இன்னும் ஏற்றினால் நாலில் ஒன்று. அப்புறம் எந்தத் துடிப்பும் முந்தியதைப் போல இல்லை. எம்.எஸ்சி. லேபில் சர்க்யூட்டில் பார்த்த அதே படிக்கட்டு. இருபத்து மூன்று வருடம் கழித்து ஒளியில் பார்த்தேன்.

அடுத்து இரண்டையும் 90:10 கப்ளரால் தொடுத்தேன். தனித்தனியாகக் கேயாஸில் இருந்த இரண்டு லேசரையும் ஸ்கோப்பில் ஒன்றுக்கு எதிராக ஒன்றாகப் போட்டால் முதலில் தேனீக் கூட்டம் மாதிரி திரை முழுக்கப் புள்ளி. தொடுத்ததும் அந்தக் கூட்டம் ஒடுங்கி ஒரு சாய்ந்த பட்டையாயிற்று. ஒழுங்கில்லாமல்தான் துடிக்கின்றன, ஆனால் பெரும்பாலான நேரம் சேர்ந்தே துடிக்கின்றன. முழுக் கோடாகவில்லை, நடுநடுவே பட்டையை விட்டுத் தெறிக்கிறது, அந்தத் தெறிப்பைத்தான் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஜார்ஜியா டெக்கில் வான்விகரனும் ரஜர்ஷி ராயும் 1998-இல் எர்பியம் ஃபைபர் வளைய லேசர்களை வைத்து, கேயாஸுக்குள் செய்தியை ஒளித்து அனுப்பி எடுத்துக் காட்டியது இந்த ஒத்திசைவை நம்பித்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். குறைகளும் சொல்ல வேண்டும். முதலாவது, நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்காவது மரம் விழுந்து கேபிள் அறுந்தால் கடை பூட்டியிருக்கும், போன் எடுக்க மாட்டார்கள், நான் இரண்டு தடவை மலையிலிருந்து இறங்கி வந்து திரும்பியிருக்கிறேன். போன் எடுக்காவிட்டாலும் ஒரு மெசேஜ் போடலாம், அதை நேரிலும் சொல்லிவிட்டேன். இரண்டாவது, பில். கல்லூரிக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஜிஎஸ்டி பில் வேண்டும், கேட்டுக் கேட்டு மூன்றாவது வாரம்தான் வந்தது. மூன்றாவது, முனைவாக்கத்தைக் காக்கும் பிஎம் ஃபைபர் இங்கே ஒட்ட முடியாது, அதற்கு இழையைத் திருப்பிப் பொருத்தும் மெஷின் வேண்டும், இவரிடம் இல்லை. அந்த வேலை இருந்தால் இங்கே போய்ப் பயனில்லை. உதவியாளர் தம்பியும் நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் அவர் மீட்டர் வைப்பதற்கு முன்பே ஸ்லீவைச் சுருக்கிவிடுகிறார். லைனுக்கு அது போதும். வளையத்துக்குப் போதாது, அண்ணன் வரும் வரை காத்திருங்கள்.

கட்டணம்: சாதா ஜாயிண்ட் ஒன்றுக்கு 100 ரூபாய், ஸ்லீவோடு சேர்த்து. எர்பியம் ஜாயிண்ட்டுக்கு 250 கொடுத்தேன், அவர் கேட்டது 200. திரும்ப வெட்டிப் போடுவதற்குத் தனியாகக் காசு வாங்கியதே இல்லை, முதல் நாளின் முதல் ஜாயிண்ட்டை மூன்று தடவை போட்டும் ஒன்றுக்குத்தான் வாங்கினார். இத்தனை கவனத்துக்கு இது ரொம்பக் குறைவு என்பது என் எண்ணம்.

போகிறவர்கள் கப்ளர், பிக்டெயில் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள், அங்கே 50:50 மட்டும்தான் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு கப்ளர் காலும் ஒரு மீட்டராவது இருக்கட்டும், ஏனென்றால் திரும்பத் திரும்ப வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் சில சென்டிமீட்டர் போகும், நீளம் குறைந்தால் உங்கள் வளையத்தின் கணக்கே மாறிவிடும். எந்தக் காலை எதனோடு ஒட்ட வேண்டும் என்பதைப் பெரிதாகத் தாளில் வரைந்து மேசையில் ஒட்டிவிடுங்கள், அவர் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வார், கேள்வியும் கேட்பார். காலை பதினொன்றுக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, ஜன்னலோர மேசை கிடைக்கும். ஸ்ப்ளைஸ் ட்ரேயை எவர்சில்வர் டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துத்தான் நான் ஏற்காட்டுக்கு எடுத்துப்போகிறேன், 20 கொண்டை ஊசி வளைவிலும் மடியிலேயே வைத்துக்கொள்வேன், இதுவரை ஒரு ஜாயிண்ட்டும் விடவில்லை. அடுத்த மாதம் மூன்றாவது வளையம் சேர்க்கப் போகிறேன், அதற்கு இன்னும் நான்கு ஜாயிண்ட், அண்ணனிடம் வியாழக்கிழமை காலை நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.